மணல் யாருடைய வளவு?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் என் வயதுக்காரர் பலர் நிலத்தைப் பார்த்தபடிதான் நடப்பார்கள். வெளியூர் ஆட்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது மிதிவெடிக்குப் பயந்த நடை. கிளாலியில் தொடங்கி முகமாலை வழியாக நாகர்கோவில் கடற்கரை வரை முன்னரங்கு நிலைகள் நீண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினோம். வெடி அகற்றுகிறவர்கள் நாடா கட்டி, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நட்டு, முழங்காலில் நின்று மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டிப் பார்த்து, இனிப் போகலாம் என்று காணிகளை ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகும் வண்டித் தடத்தை விட்டு மணலில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் நிலத்தையும் செடியையும் காட்ட வேண்டிய வேலை என்னுடையது. ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் படம் கீறியே காலத்தைக் கடத்தினேன். காரணத்தை வகுப்பிலும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை.

தரையை அப்படிக் கூர்ந்து பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் ஒரு சின்ன ஓணான் தட்டுப்பட்டது. சைக்கிளுக்குக் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்த ஒரு காலை நேரம். தடத்தின் ஓரத்தில் அடம்பன் கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் நடுவே மணல் சற்று அசைந்தது. என் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த நாட்களில் தரையில் எதிர்பாராமல் ஏதும் அசைந்தால் எங்களுக்கு மூச்சு நின்றுதான் திரும்பும். பிறகு மணல் நிறத்தில் இரண்டு கண்கள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் ஓர் அடி வைத்தேன். அது முன்னங்கால்களைத் தரையிலிருந்து எடுத்து, பின்னங்கால்கள் இரண்டிலும் எழுந்து, வாலை உயர்த்திக்கொண்டு வெட்டவெளியைக் கடந்து ஒரு சூரைப் பற்றைக்குள் ஓடி மறைந்தது. நான் ஒருபோதும் கால் வைக்கத் துணியாத அந்த வெட்டவெளியைத்தான் அது அவ்வளவு இலகுவாகக் கடந்து போனது.

இதை நாங்கள் வளவுக்குள் காணும் ஓணானோடு சேர்த்து நினைக்கக் கூடாது. மதிலிலும் முருங்கையிலும் ஏறி நின்று தலையாட்டுவது வேறு சாதி. இது மரமேறி அல்ல, தரைவாசி. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 5 சென்றிமீற்றர் அளவுதான். வால் அதைவிட நீளம். முதுகின் நடுவில் வைர வடிவக் கபிலப் புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடும். பின்னங்காலைப் பிடித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். மற்ற ஓணான்களுக்கு ஐந்து விரல், இதற்கு நான்குதான். ஐந்தாவது விரல் கிளையைப் பற்றிப் பிடிக்க உதவும் விரல். மணலில் வாழ்ந்து பழகிய வம்சத்துக்கு அது தேவைப்படாமல் போயிற்று என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இதன் நெருங்கிய உறவு இலங்கையின் ஈரக் காடுகளில் இருக்கிறது. ஓட்டோகிரிப்டிஸ் என்ற பேரினம். சிங்கராஜ போன்ற மழைக்காட்டின் நிழலில், உதிர்ந்த இலைகளுக்கு மேல், அதுவும் இரண்டு காலில் ஓடும். அதற்கு விரல் ஐந்து. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை நிழலில் நின்றுகொண்டது, மற்றது வெயிலுக்கு வந்தது. வெயிலுக்கு வந்த கிளையின் பேரினப் பெயர் சித்தானா. பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829இல் வைத்த பெயர். அவர் விவரித்த இனத்தின் பெயரில் புதுச்சேரி இருக்கிறது: சித்தானா பொன்டிசேரியானா. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள், இமயமலை அடிவாரத்திலிருந்து எங்கள் கரை வரை கண்ட தொண்டை விசிறி ஓணான்கள் பெரும்பாலும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடந்தன. 1935இல் மல்கம் சிமித் எழுதிய ஊர்வன நூலிலும், 1953இல் தெரணியகல வெளியிட்ட இலங்கை முள்ளந்தண்டுளிகளின் வண்ண நூலிலும் எங்கள் ஓணானுக்கு அந்தப் பெயர்தான்.

2015இல் தசுன் அமரசிங்க, இவான் இனேக், சுரஞ்சன் கருணாரத்ன முதலானோர் ஸூடாக்ஸா என்ற விலங்கியல் இதழில் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். இலங்கையில் இருப்பது புதுச்சேரி ஓணான் அல்ல, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. தென்கிழக்குக் கரையில் இருப்பதற்கு ஆய்வாளர் பாகிரின் பெயரால் சித்தானா பாகிரி என்று பெயர். வடக்கில் இருப்பதற்குக் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் தேவக வீரக்கோனின் பெயரால் சித்தானா தேவகை. பாகிர் என்பவர் வேறு யாருமல்ல. நான் மேலே சொன்ன காட்டு உறவினரில் வறண்ட வலயத்துக்குரிய இனத்தை 2005இல் தனியாகப் பிரித்து எழுதிய இருவரில் ஒருவர். அடுத்த ஆண்டே இந்தியாவிலும் இதே வேலை நடந்தது. வீ. தீபக்கும் உடன் ஆய்வாளர்களும் இந்திய ஓணான்களை அலசி, சரடா என்ற புதுப் பேரினத்தையே பிரித்தெடுத்தார்கள். தென் தமிழ்நாட்டின் இரண்டு இனங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் சித்தானா விசிறி, சித்தானா மருதம்நெய்தல். முதலாவது பெயர் பனையோலை விசிறியைப் பார்த்து வைத்தது.

அந்த ஸூடாக்ஸா கட்டுரையை ஒரு பழைய மாணவன் கணினியில் இறக்கித் தந்தான். படித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக அலைந்த காலமெல்லாம், எங்கள் கரை வரைபடங்களில் போர்முனையாக மட்டும் இருந்த காலமெல்லாம், இந்தத் தீவில் மட்டுமே வாழும் ஓர் உயிர் எங்கள் படலைக்கு வெளியே தன் பாட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அழிவைத் தவிர வேறு எதற்கும் பேர்போகாத இடம் என்று என் ஊரைப் பற்றி நானே நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில் அந்தச் செய்தி என்னை வந்தடைந்தது.

பருத்தித்துறைக்குத் தெற்கே வல்லிபுரத்தில் தொடங்கி மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, வெற்றிலைக்கேணி என்று சுண்டிக்குளம் வரை கடலோரமாக மணல் நீண்டு கிடக்கிறது. மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. சுற்றுலா வருபவர்கள் அங்கே நின்று படம் எடுத்து, யாழ்ப்பாணத்துப் பாலைவனம் என்று எழுதுவார்கள். மழைக் கணக்கைப் பார்த்தால் இது பாலைவனம் அல்ல. குடாநாட்டில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மணல் அதைத் தங்கவிடாமல் கீழே வடித்துவிடும். மேலே சுடுமணல், கீழே உவர்நீரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீர். எங்கள் கரையில் குடி இருப்பது அந்த மெல்லிய நன்னீரை நம்பித்தான். மணலின் மேற்பரப்பில் வாழும் ஒரு பூச்சிக்கோ ஓணானுக்கோ, தை கழிந்து சோளகம் அடங்கும் வரையான மாதங்கள் பாலைவன மாதங்களே.

பயம் தெளிந்ததும் நான் முதலில் செய்தது ஆய்வுகூட வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மணலுக்குப் போனது. பயம் தெளிந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அது அப்படித் தெளியவில்லை. அன்று பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அவர்களுக்கு அந்தப் பயம் இல்லை, வெடி அகற்றி முடித்த நிலத்தில் வளர்ந்தவர்கள். நான் அவர்கள் கால் பதித்த இடங்களிலேயே கால் வைத்துப் பின்னால் போனேன். ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஏன் ரீச்சர் எங்கடை அடியிலையே வாறியள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். முதல் தடவையாக, முழுவதையும் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் மணலில் இருந்து, குடை பிடித்துக்கொண்டு, அந்த ஓணானின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தோம்.

காலையில் வெயில் சரிவில் படும்வரை அது வெளியே வராது. வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, உடம்பைத் தட்டையாக்கி, மணலோடு ஒட்டிக் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். அப்போது கிட்டப் போனாலும் சோம்பலாகத்தான் நகரும். சூடேறிய பிறகுதான் வேட்டை. எறும்பு, கறையான், சிறு வண்டு என்று தரையில் நடப்பவற்றைப் பாய்ந்து பிடிக்கும். மத்தியானம் நெருங்கும்போது கால்களை நிமிர்த்தி வயிற்றைத் தரையிலிருந்து உயர்த்தி நடக்கத் தொடங்கும். வெப்பமானியின் குமிழை மணலில் வைத்தபோது இரசம் 50 பாகையைத் தாண்டி ஏறியது. கை வைக்க முடியாத மணல். அதே பற்றையின் நிழலுக்குள் ஒரு முழம் தள்ளி வைத்தால் இரசம் சடசடவென்று இறங்கியது. அந்த நேரத்தில் வெளியில் ஒன்றையும் காண முடியாது. எல்லாம் சூரைக்கும் எருக்கலைக்கும் அடியில். பின்னேரம் நிழல் நீளத் தொடங்கியதும் திரும்ப வரும்.

பாடப்புத்தகம் இதைக் குளிர்க்குருதி விலங்கு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. நானும் அப்படித்தான் படிப்பித்து வந்தேன். 1944இல் ரேமண்ட் கவுல்ஸ், சார்ள்ஸ் போகேர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கலிபோர்னியப் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அந்த வரியை மாற்றிப் பல காலம் ஆகிறது. பாலைவனப் பல்லி சூழலின் சூட்டுக்கு இழுபட்டுக் கிடப்பதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நாள் முழுதும் போய் வந்து, தன் உடற்சூட்டைத் தனக்கு ஏற்ற ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது. எங்கள் உடம்புக்குள் உணவை எரித்து நடக்கும் காரியத்தை அது நடந்து நடந்து செய்கிறது. அதனால் அதற்கு வெயில் மட்டும் போதாது, நிழல் மட்டும் போதாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். இதுதான் அந்தப் பிராணியைப் பற்றி நான் கற்றவற்றுள் முக்கியமானது.

உலகத்துச் சுடுமணல்களில் இந்தக் கணக்கை ஒவ்வொன்றும் தன் தன் முறையில் போடுகிறது. நமீப் பாலைவனத்தின் மெரோலிஸ் பல்லி, மணல் சுட்டால் எதிரெதிர்க் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி நிற்கும், தாங்காவிட்டால் மணலுக்குள் முக்குளித்துவிடும். அவுஸ்திரேலியாவின் முட்பல்லி தன் தோலில் உள்ள நுண்ணிய வாய்க்கால்களால் ஈரத்தை வாய்வரை இழுத்துக் குடிக்கும். தார்ப் பாலைவனத்து முள்வால் ஓணான் வளை தோண்டி உள்ளே போய் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். எங்கள் ஓணானுக்கு இந்த வித்தைகள் ஒன்றும் கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் கால்களும் ஒரு பற்றை நிழலும்.

அந்த இரண்டு கால் ஓட்டம் ஏன் என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "மணல் சுடுது ரீச்சர்!" என்றது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சுடாத காலை மணலிலும் அது அப்படித்தான் ஓடுகிறது, காட்டு நிழலில் இருக்கும் அதன் உறவும் ஓடுகிறது. கிறிஸ்ரோபர் கிளெமென்ரேயும் அவருடைய குழுவினரும் அவுஸ்திரேலிய ஓணான்களை ஓடவிட்டுப் பார்த்து 2008இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். இரண்டு காலில் ஓடுவதால் வேகம் கூடவில்லை. பெரிய பின்னங்கால்கள் சடாரென்று உந்தும்போது முன்னுடல் தானாக மேலெழுந்துவிடுகிறது. அதாவது, எழுந்து ஓடுவது அந்தத் திடீர்ப் பாய்ச்சலின் விளைவு. இதைச் சொன்னபோது பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன், மோட்டார் சைக்கிளை ஒரேயடியாக முறுக்கினால் முன்சில்லு எழும்புவதைச் சொன்னான். நான் அரைமணி நேரம் விளக்கியதை அவன் ஒரு வரியில் முடித்தான்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஆண் ஓணானைப் பார்க்க வேண்டும். மட்டைத் துண்டோ கல்லோ மணல் மேடோ, சற்று உயர்ந்த ஓர் இடத்தைப் பிடித்து நின்று தொண்டைச் சவ்வை விரிக்கும். விரிப்பதும் சுருக்குவதும் கண்ணிமைக்கும் வேகத்தில் நடக்கும். இந்தியாவில் சரடா இனங்களுக்கு அந்தச் சவ்வில் நீலமும் கறுப்பும் செம்மஞ்சளுமாகப் பெரிய வர்ணம் உண்டு. எங்களுடையது அடக்கமானது. பெரும்பாலும் வெளிறிய வெள்ளை. ஆனால் அந்த வெயிலில் அந்த வெள்ளை வெகுதூரம் தெரியும். பெண்ணுக்குத் தெரியும், மற்ற ஆணுக்குத் தெரியும், வானத்தில் வட்டமிடும் வல்லூறுக்கும் தெரியும். பற்றைக்குள் பதுங்கினால் அங்கே சுருட்டை விரியன் இருக்கலாம். இலங்கையில் அந்தப் பாம்பு வறண்ட கரையோர மணலில் வாழ்வது. இவ்வளவுக்கும் நடுவே அது மேடேறி நின்று விரிக்கிறது. நான் பார்த்தவற்றுள் அழகானது இதுவென்று சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள், பெரியவர்கள் நம்புவதில்லை.

பெண் மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஆழம் அதிகமில்லை. இட்ட பிறகு மூடி, மேலே அழுத்தி, இடம் தெரியாமல் செய்துவிட்டுப் போய்விடும். பிறகு அந்த முட்டைகளுக்குத் தாயும் இல்லை, காவலும் இல்லை. மணல்தான் எல்லாம். மணலின் சூடு, மணலுக்குள் நிற்கும் சிறு ஈரம்.

இப்போது நான் சொல்லத் தயங்கிய இடத்துக்கு வருகிறேன். நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள்கூட இல்லை. தறப்பாளுக்குக் கீழே இரண்டு மாரி கழிந்தது. பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இந்திய உதவியில் வீடு கட்ட ஆளுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று பகுதி பகுதியாகக் கொடுத்த காலம் அது. எங்கள் பகுதிப் பணமும் அப்படித்தான் வந்தது. அத்திவாரம் போட்டுக் காட்டினால் அடுத்த தொகை, சுவர் எழுப்பிக் காட்டினால் அதற்கடுத்தது. பணத்தை நீட்டி நிமிர்த்த மணலை அருகில் எடுக்க வேண்டும். கல் அரிய மணல், சுவர் கட்ட மணல், பூச மணல், நிலம் உயர்த்த மணல். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டியது. எங்கள் வளவுக்கு மணல் ஏற்றி வந்த உழவு இயந்திரப் பெட்டிகளை நான்தான் நின்று எண்ணி இறக்கினேன். அந்த மணல் எந்த மேட்டிலிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஓணானின் முட்டைகள் இருந்த மணலில் எழுந்த சுவருக்குள் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த வீட்டைக் கட்டியதற்காக நான் வருந்தவில்லை. அம்மா கடைசிக் காலத்தில் ஒரு கூரைக்குக் கீழே கண்மூடினார். ஆனால் வாங்கிய பொருளுக்கு உரியவர் யார் என்று தெரிந்த பிறகு கணக்குத் தீராமல் இருப்பதை என்னால் மறக்க முடியவில்லை.

எங்களுடைய வீடுகள் முடிந்த பிறகும் மணல் ஏற்றுவது நிற்கவில்லை. உழவு இயந்திரம் போய் ரிப்பர் வந்தது. மண்வெட்டி போய் பெக்கோ இயந்திரம் வந்தது. இரவில் வந்தது. அம்பன், குடத்தனைப் பக்கம் மேடுகள் இருந்த இடங்களில் பள்ளங்கள். மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் உப்புப் பூக்கும். பக்கத்து வளவு அண்ணை முன்பு மீன்பிடித்தவர், பிறகு உழவு இயந்திரம் வாங்கி மணல் ஏற்றியவர். ஒருநாள் அவரிடம் போய் ஓணானைப் பற்றியும் முட்டைகளைப் பற்றியும் கதைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் ஓணானைப் பாக்கிறியள். நான் வட்டிக்காறனைப் பாக்கிறன். வலையும் எஞ்சினும் சுனாமியோடை போனது, மிச்சம் சண்டையோடை போனது. மணல் கிடந்தது, அள்ளினன். ஓணான் அந்தப் பக்கம் ஓடி இருக்கும்தானே?"

அவருடைய பேச்சின் முதற்பாதிக்கு என்னிடம் மறுமொழி இல்லை, இன்றும் இல்லை. கடைசிக் கேள்விக்கு மறுமொழி இருந்தது. ஓணான் அந்தப் பக்கம் ஓடும். முட்டை ஓடாது. ஓடிப்போன இடத்தில் ஏற்கெனவே ஒரு ஆண் மேடேறி நிற்கும். வெயிலும் நிழலும் அருகருகே உள்ள இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஓணானுக்குத்தான் இடம். இதை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு இவற்றைப் பிடித்து விளையாடியதைச் சொன்னார். எந்தச் சரிவில் எந்த மாதத்தில் அதிகம் இருக்கும் என்று சொன்னார். அவர் சொன்ன இடங்களுக்குப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நான் கட்டுரைகளில் தேடியதை விட அதிகம் அவருக்குத் தெரிந்திருந்தது.

மணல் அள்ளுவதைப் பலரும் கண்டிக்கிறார்கள், நல்லது. நான் சொல்லப் போகும் மற்றதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரலாம். மணற்காட்டில் அழகான சவுக்கங்காடு இருக்கிறது. காற்றுக்கு ஆறுதல், விறகுக்கு உதவி, மாலையில் இருக்க இதமான இடம். அதற்குள் நான் பல தடவை தேடியிருக்கிறேன். நிலம் முழுவதும் சவுக்கின் ஊசி இலை மெத்தையாகப் படிந்து கிடக்கும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். அங்கே இந்த ஓணானை நான் கண்டதில்லை. காட்டின் விளிம்பு கடந்து வெட்டவெளிக்கு வந்ததும் காண்கிறேன். அதனால் வெறும் மணலைக் கண்டதும் மரக்கன்றோடு ஓடுவது எப்போதும் நன்மை ஆகாது. அடம்பனும் ராவணன் மீசையும் எருக்கலையும் ஆங்காங்கே நிற்க, நடுவே மணல் திறந்து கிடப்பது குறைபாடான நிலம் அல்ல, முழுமையான நிலம். மணலைப் பிடித்து வைப்பது அந்தச் சிறு கொடிகள்தான். 2004 மார்கழியில் கடல் வந்தபோது மேடு நின்ற இடத்துக்கும் மேடு உடைந்த இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் கரையில் யாரையும் கேட்கலாம்.

உலகச் சூடு ஏறுவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாலைவனப் பல்லிக்குச் சூடு பழக்கம்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2010இல் பெரி சினெர்வோவும் பலரும் சயன்ஸ் இதழில் எழுதிய ஆய்வு இதற்கு மறுமொழி சொல்கிறது. மெக்சிக்கோவில் 200 இடங்களில் முள்செதிற் பல்லிகளைத் தேடிப் போனார்கள். 1975இலிருந்து அந்த இடக்கூட்டங்களில் 12 சதவீதம் அற்றுப்போயிருந்தன. சூடு நேரடியாகச் சுட்டுக் கொல்லவில்லை. நிழலுக்குள் பதுங்கிக் கிடக்க வேண்டிய நேரம் கூடிவிட்டது. வேட்டைக்கு நேரம் போதவில்லை. முட்டை சுமக்கும் பருவத்தில் வயிறு நிறையாத பெண்ணுக்குச் சந்ததி இல்லை. எங்கள் கரையில் பிள்ளைகள் வெப்பமானியோடு குறித்த மத்தியான நேரத்தை நான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். வேட்டை நேரம் இருபுறமும் குறுகி வரும் காலத்தில், நிழல் தரும் ஒரு சூரைப் பற்றையைப் பிடுங்குவது சிறிய காரியம் அல்ல.

ஓணானுக்காக மணல் எடுக்கும் சட்டங்களையும் தேடிப் படித்தேன். கரையோரம் பேணும் சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. அது கரையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்று வகுக்கிறது. எங்கள் மேடுகள் பல அதையும் தாண்டி உள்ளே இருக்கின்றன. அங்கே மணல் எடுக்க அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. ஓணானுக்குத் தனிப்பெயர் கிடைத்த அதே ஆண்டு. ஆனால் அம்பன் மேட்டில் இருக்கும் ஓணானுக்குச் சுண்டிக்குளத்து எல்லைக்கல் காவல் தராது.

பிரதேச செயலகத்தில் மணல் அனுமதி பற்றி ஊர்க்கூட்டம் வைத்தபோது நான் எழுந்து பேசினேன். மணல் எடுக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. இன்னும் வீடு இல்லாதவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். நான் கேட்டது மூன்று காரியங்கள். அனுமதி கொடுக்கும் இடத்தில் பற்றைகளையும் சரிவுகளையும் தொடராக விட்டுவைக்க வேண்டும். பங்குனி தொடங்கி ஓணான் முட்டையிடும் பருவம் முடியும்வரை மேட்டின் மேல்மணலைக் கிண்டக் கூடாது. திறந்த மணலில் மரம் நடுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருதடவை நடந்து பார்க்க வேண்டும். அதிகாரி குறித்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்து ஒருவர், "உந்த ஓணானை ஆர் ரீச்சர் கண்டது?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னர் பக்கத்து வளவு அண்ணை எழுந்து, "நான் கண்டனான். நாளைக்கு விடிய எட்டு மணிக்குப் பிறகு வாங்கோ, வெயில் ஏறினதும் காட்டுறன்" என்றார்.

மறுநாள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அண்ணை முன்னால் நடந்தார். தடத்தை விட்டு இறங்கி, மணலுக்குள்.